கோடை நண்பகலில் கேமராவை வைத்துக்கொண்டு என்னதான் செய்வது?

கரிசல்வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கோவில்பட்டிக்கும் சங்கரன்கோவிலுக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூரில் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். படம் எடுப்பது எனக்குத் தொழில் அன்று, விருப்பம் மட்டுமே. கையில் இருப்பது பழையதாக வாங்கிய ஒரு தொடக்கநிலை கேமராவும், 18-55 மி.மீ., 55-250 மி.மீ. ஆகிய இரண்டு லென்சுகளும்தான். ஆண்டு முழுவதும் நேரம் கிடைக்காமல் தவிக்கிற எனக்கு மே மாதம் முழுவதும் விடுமுறை. ஆனால் அந்த மாதத்தில்தான் எங்கள் ஊரில் கேமராவை வெளியே எடுக்கவே தோன்றுவதில்லை.

காரணம் வெளிச்சம். காலை எட்டரை மணிக்கெல்லாம் வெயில் வெளுத்துவிடுகிறது. அதன்பின் மாலை ஐந்து மணிவரை வானம் நீலமாகவும் இல்லாமல் வெண்மையாகவும் இல்லாமல் ஒரு மங்கல் நிறத்தில் நிற்கிறது. முகங்களை எடுத்தால் கண்குழிகள் கறுத்துப்போகின்றன. கரிசல் காட்டை எடுத்தால் மண் ஒரே கறுப்பாகவும் வானம் ஒரே வெளுப்பாகவும் விழுகின்றன. யூடியூபில் நான் பார்க்கும் காணொளிகள் அனைத்தும் ஒரே அறிவுரையைத்தான் சொல்கின்றன: சூரியன் உதித்த ஒரு மணி நேரமும் மறைவதற்கு முந்தைய ஒரு மணி நேரமும் மட்டும் படம் எடுங்கள், நடுவில் வீட்டில் இருங்கள். அதைப் பின்பற்றிப் பார்த்தால், எங்கள் ஊரில் அந்த ஒரு மணி நேரம் ஒரு மணி நேரமாகவே இருப்பதில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு கண்மாய்க் கரைக்குப் போய்ச் சேர்வதற்குள் பொன்னிறம் போய்விடுகிறது.

ஆகவே, தொலைவு போகாமலும் பெரிய செலவில்லாமலும் நடுப்பகல் ஒளியில் எடுக்கத் தகுந்தவை ஏதாவது உண்டா என்று அறிய விரும்புகிறேன். 40 டிகிரி வெயிலில் கேமராவைக் கொண்டு அலைவதால் அதற்குக் கெடுதல் வருமா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லவேண்டும். விடுமுறையில் வீட்டில் இருக்கும் என் பிள்ளைகளையும் இந்தப் பொழுதுபோக்கில் சேர்த்துக்கொள்ள வழி இருந்தால் நல்லது. இல்லையென்றால் அவர்கள் நாள் முழுவதும் கைப்பேசியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

வடக்குச்சுவர்

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். அரசு அலுவலகம் ஒன்றில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, நம் தென்மாவட்டங்களின் ஊர்ப்புறக் கோயில்களில் உள்ள கல்வெட்டுகளைப் படமெடுப்பதையே பொழுதுபோக்காகக் கொண்டிருக்கிறேன். பொன்னொளி உங்கள் கைக்கு நிற்காமல் போவதற்குச் சைக்கிள் காரணம் அன்று. சூரியன் தொடுவானத்துக்கு மேல் ஆறு டிகிரி ஏறும்வரைதான் அந்த நிறம் இருக்கும் என்று பொதுவாகக் கணக்கு வைப்பார்கள். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருக்கும் நமக்குச் சூரியன் ஏறக்குறையச் செங்குத்தாக எழுவதால், அந்த ஆறு டிகிரியைக் கடக்க அதற்குச் சுமார் 25 நிமிடங்கள் போதும். லண்டனில் ஜூன் மாதத்தில் அது தொடுவானத்தை ஒட்டிச் சாய்வாக நகர்வதால், அதே ஆறு டிகிரிக்கு இரு மடங்கு நேரம் எடுத்துக்கொள்கிறது. காணொளி போடுகிறவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் தங்கள் ஊர்ச் சூரியனைப் பற்றிச் சொல்கிறார்கள். மே மாத நடுவில் உங்கள் பகுதியில் உதயம் ஆறு மணியை ஒட்டி நிகழ்கிறது என்பதால், ஐந்தே முக்காலுக்கே நீங்கள் கண்மாய்க் கரையில் நின்றுகொண்டிருந்தால்தான் அந்த ஒளி கிடைக்கும்.

நண்பகலுக்கு வருகிறேன். நம் பகுதியில் சித்திரை பிறப்பதை ஒட்டிய நாள்களில் சூரியன் நண்பகலில் சரியாக உச்சந்தலைக்கு மேல் வருகிறது. நிழலில்லா நாள் என்று அறிவியல் இயக்கத்தினர் பள்ளிகளில் குச்சி நட்டுக் காட்டுவது இதைத்தான். ஆசிரியரான உங்களுக்கு இது புதிதாக இருக்காது. கழுகுமலை அட்சரேகைக்கு அது ஏப்ரல் 13, 14 வாக்கில் நிகழும், சென்னைக்கு ஏப்ரல் 24 வாக்கில். அதன்பிறகு ஆகஸ்ட் கடைசி வாரம்வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. படம் எடுப்பவர்களில் பலர் இதைக் கவனிப்பதே இல்லை. ஆண்டின் மற்ற மாதங்களில் நண்பகல் வெயில் எட்டிப்பார்க்காத வடக்குச் சுவர்களில், இந்த நான்கரை மாதங்கள் மட்டும் அது விழுகிறது. அதுவும் சுவரைத் தேய்த்துக்கொண்டு இறங்குவதுபோல் மிகவும் சாய்ந்து விழுகிறது. மே மாத நடுவில் நண்பகல் சூரியனுக்கும் வடக்குச் சுவருக்கும் இடையே இருக்கும் கோணம் ஏறத்தாழப் பத்து டிகிரிதான்.

கல்வெட்டுப் படத்துக்கு இதைவிட நல்ல ஒளி கிடையாது. எழுத்தை நேருக்குநேர் வெளிச்சத்தில் எடுத்தால் கல்லும் எழுத்தும் ஒரே நிறமாகிவிடும். ஒளி சாய்ந்து விழும்போதுதான் வெட்டின் ஒரு விளிம்பு வெளுத்தும் மறு விளிம்பு கறுத்தும் தெரிகின்றன. சுண்ணாம்பு பூசப்பட்டு, எண்ணெய் இறங்கி, கண்ணுக்கே தெரியாமல் போன எழுத்துகூட அப்போது எழுந்து நிற்கும். இதற்காகவே சிலர் இருட்டில் பக்கவாட்டு விளக்கு வைத்து எடுக்கிறார்கள். நமக்கு அதைச் சூரியனே செய்து தருகிறது.

ஒரு தடை உண்டு. கோயில் சுவரின் மேலே நீண்டிருக்கும் கொடுங்கை, உச்சி வெயிலில் சுவரின் பெரும்பகுதியை நிழலாக்கிவிடும். ஆனால் கல்வெட்டுகள் நிறைய இடங்களில் அடித்தளமாகிய அதிட்டானத்தின் வரிகளில் வெட்டப்பட்டிருக்கின்றன. அந்தப் பகுதி சுவரைவிடச் சற்று முன்தள்ளி நிற்பதால், கொடுங்கை நிழலுக்கு வெளியே எவ்வளவு வருகிறது என்பதைக் கோயிலுக்குக் கோயில் பார்த்துக்கொள்ளவேண்டும். வடக்குச் சுவரின் மாடமாகிய கோட்டத்தில் இருக்கும் துர்க்கையையும் பிரம்மாவையும் எடுப்பதற்கு உச்சிப் பொழுது சரிவராது. அதே மாதங்களில் காலை ஏழிலிருந்து எட்டரைவரை சூரியன் கிழக்கிலிருந்து சற்று வடக்கே ஒதுங்கி நிற்பதால், கொடுங்கையின் நிழல் குறுகி, சிற்பத்தின் பக்கவாட்டில் ஒளி விழும். தெற்குக் கோட்டத்துத் தட்சிணாமூர்த்தியை மார்கழி, தை மாதங்களுக்கு விட்டுவிடுங்கள்.

உங்களுக்குக் கழுகுமலை அருகில்தான் இருக்கிறது. வெட்டுவான்கோவில் எட்டாம் நூற்றாண்டுப் பாண்டியர் பணி. மலையை மேலிருந்து கீழாக வெட்டி இறக்கி, முடியாமல் நின்றுபோனது. சுற்றிலும் பாறைச் சுவர் நிற்கும் பள்ளத்துக்குள் அது இருப்பதால், சூரியன் தாழ்ந்திருக்கும் நேரங்களில் விமானத்தின் பாதி பாறை நிழலில் மூழ்கிவிடும். பள்ளத்துக்குள் வெயில் நன்றாக இறங்குவது சூரியன் உயரே இருக்கும்போதுதான். விமானத்தின் வடபுறம் பிரம்மா இருக்கிறார். மற்றக் கோயில்களைப் போலன்றி, இங்கே அவருக்கு மே, ஜூன் நண்பகல்தான் நேரம். எல்லோரும் தேடிப் போகிற மிருதங்கம் வாசிக்கும் தட்சிணாமூர்த்தி தென்புறத்தில் இருப்பதால், அப்போது அவர் முகத்தில் வெயில் இராது. மார்கழியில் இன்னொருமுறை போய் வாருங்கள். மேலே பாறை விளிம்பிலிருந்தே சிற்பங்கள் தெரிகின்றன என்பதால் உங்கள் 55-250 லென்சு போதுமானது. பாறை கொதிக்கும்; செருப்பைக் கழற்றவேண்டிய இடங்களுக்குக் காலுறை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒளி அளவு எளிதானது. மேகமில்லாத வெயிலில் லென்சுத் திறப்பு எஃப் 16, ஒளியுணர்வு ஐ.எஸ்.ஓ. 100, ஷட்டர் வேகம் நொடியில் 125-இல் ஒரு பங்கு என்பது பிலிம் காலத்து விதி. எஃப் 8 என்றால் 500-இல் ஒரு பங்கு. சாய்வொளியில் கல் சற்று மங்கலாகவே இருக்கும் என்பதால் அதைவிட ஒரு படி கூடுதலாக, அதாவது இரு மடங்கு ஒளி கொடுத்துப் பாருங்கள். முக்காலி தேவைப்படாது, அது நல்லதே, ஏனென்றால் பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னங்களில் முக்காலிக்குத் தனி அனுமதி கேட்பார்கள். வழிபாட்டில் உள்ள கோயில்களில் நிலைமை வேறு. கோயில்களுக்குள் கைப்பேசியைத் தடைசெய்ய வேண்டும் என்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டதிலிருந்து கட்டுப்பாடு கூடியிருக்கிறது. கேமராவைப் பையிலிருந்து எடுப்பதற்கு முன் அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். பல கோயில்களில் நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால், வெளிச்சுவர் மதிலுக்குள் இருக்கிறதா, எப்போது திறந்திருக்கும் என்பதையும் முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது.

தேரிமணல்

அண்ணாச்சி, உடன்குடிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். கல்லையே எடுத்துக்கொண்டிருக்க முடியாது என்று நினைப்பவர்களுக்காக உயிருள்ளவற்றைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லவேண்டும்.

முதலில் கூந்தன்குளம். நாங்குநேரி வட்டத்தில் இருக்கும் அந்த ஊர் 1994-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் ஊர்மக்கள் பறவைகளைக் காத்துவந்தது அதற்கு எவ்வளவோ முன்பிருந்து. கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் குளத்து மரங்களில் மட்டுமல்லாமல் வீட்டு வாசல் வேம்பிலும் புளியிலும் கூடு கட்டுவதால், ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கும் பெரிய லென்சு அங்கே தேவைப்படாது. உங்களிடம் இருக்கும் 250 மி.மீ. போதும். கோடையில் குஞ்சுகள் கூட்டில் இருக்கும் காலம் அது. நண்பகலில் நாரைகள் வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, இறக்கைகளை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் பிடிக்கும். கூழைக்கடா வாயைத் திறந்து தொண்டைப் பையை அடித்துக்கொண்டே இருக்கும். காலையில் போகிறவர்களுக்குப் பறக்கும் பறவைதான் கிடைக்கும். வெயிலோடு பறவை எப்படிப் போராடுகிறது என்பது நண்பகலில் போனால்தான் தெரியும். விரித்த இறக்கை வழியாக வெயில் ஊடுருவும்போது இறகின் அமைப்பு முழுவதும் படத்தில் விழும். இதற்கும் உச்சி வெயில்தான் வேண்டும். கூட்டின் அடியில் போய் நின்று கை தட்டுவது, தாய்ப்பறவையை எழுப்பிப் பறக்கவைப்பது போன்றவற்றைச் செய்பவர்களை ஊர்க்காரர்கள் திட்டி அனுப்புவார்கள்; அது நியாயமும்கூட. தாய்ப்பறவை எழுந்து போனால் அந்த வெயிலில் குஞ்சு அதிக நேரம் தாங்காது.

தொலைவில் இருக்கும் பறவையை நண்பகலில் எடுக்க முயல வேண்டாம். குளத்தின் வறண்ட தரைக்கு மேல் கானல் ஓடும்போது, விலையுயர்ந்த லென்சாக இருந்தாலும் படம் தண்ணீருக்குள் எடுத்ததுபோல் குழையும். ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்கிறார்கள்; ஆகாது, ஏனென்றால் குலைவது இடையிலிருக்கும் காற்றுதான். நெருங்கிப் போவது அல்லது காலையில் போவது என்பதைத் தவிர அதற்கு வேறு மருந்து இல்லை.

அடுத்தது விடிலி. பனை இறக்கும் காலத்தில் எங்கள் பக்கம் தேரிக்காடு எனப்படும் செம்மணல் காட்டில் பனையேறிகள் ஓலைக் குடிசை போட்டு, அதற்குள் பதநீரைக் காய்ச்சுவார்கள். காலையில் இறக்கிய பதநீர் அடுப்பேறிக் கருப்பட்டிப் பதத்துக்கு வந்து சிரட்டையில் ஊற்றப்படுவதற்கு நண்பகல் ஆகிவிடும். வெளியே வெயில் எவ்வளவு கடுமையாக இருக்கிறதோ, விடிலிக்குள் படம் அவ்வளவு நன்றாக வரும். ஓலை இடுக்குகளின் வழியாக இறங்கும் ஒளிக்கற்றைகள் அடுப்புப் புகையில் தனித்தனிக் கம்பிகளாகத் தெரியும். ஒளி அளவைக் கேமராவின் தானியங்கி முறைக்கு விடாதீர்கள். அது இருட்டைப் பார்த்து ஒளியைக் கூட்டி, கற்றைகளை வெளிறச் செய்துவிடும். கற்றை விழும் இடத்தை வைத்து அளவெடுத்து, மற்றவை இருளட்டும் என்று விட்டுவிடவேண்டும். உங்கள் ஊர்ப் பக்கமும் விளாத்திகுளம் தாண்டினால் பனங்காடு உண்டு.

போனவுடன் கேமராவைத் தூக்காதீர்கள். காய்ச்சுகிற அம்மாவின் வேலை பாகு முறியும் நேரத்தில் ஒரு நிமிடம்கூடத் தவற முடியாத வேலை. அந்த நேரத்தில் "இந்தப் பக்கம் திரும்புங்கள்" என்று கேட்பது அடாத செயல். பதநீர் வாங்கிக் குடித்து, கருப்பட்டி விலை பேசி, படம் எடுக்கலாமா என்று கேட்டுவிட்டு எடுங்கள். பிறகு ஒரு பிரதி போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தால், அடுத்த ஆண்டும் உங்களுக்கு அங்கே இடம் உண்டு.

கேமரா மேஸ்திரி

ஆசிரியர் சாருக்கு வணக்கம். நான் கல்யாண ஸ்டுடியோ வைத்திருப்பவன். மேலே எழுதிய இருவரும் நண்பகலைப் புகழ்ந்துவிட்டார்கள். கல்லுக்கும் பறவைக்கும் அது சரி. மனித முகத்துக்கு உச்சி வெயில் ஆகாது என்ற பழைய விதியை நான் மாற்றிக்கொள்ள மாட்டேன். முகூர்த்தம் முடிந்து பதினொன்றரைக்கு மண்டபத்துக்கு வெளியே வந்து, வெயிலில் நிறுத்தி எடுங்கள் என்று கேட்கிற மாப்பிள்ளை வீட்டாரிடம் நான் ஆண்டுதோறும் சொல்லும் பதில் இதுதான்: திண்ணைக்கு வாருங்கள்.

வீட்டுத் திண்ணை, ஓட்டுத் தாழ்வாரம், தலைவாசல், மாட்டுக் கொட்டகை வாசல் போன்ற இடங்களில் நிழலின் விளிம்பிலிருந்து இரண்டடி உள்ளே ஆளை உட்காரவைத்து, முகத்தை வெளிப்பக்கம் திருப்பச் சொல்லுங்கள். வெளியே வெயில் பட்ட தரையும் எதிர்ச் சுவரும் சேர்ந்து முகத்துக்கு ஒளியை அனுப்பும். தெருவுக்கு அந்தப்பக்கம் வெள்ளையடித்த சுவர் இருந்தால் ஸ்டுடியோவில் நான் வைத்திருக்கும் விளக்குக்கு அது குறைந்ததில்லை. உங்கள் ஊரில் ஒரு சிக்கல் உண்டு: கரிசல் மண் ஒளியைத் திருப்பி அனுப்பாமல் விழுங்கிவிடும். அதனால்தான் உங்கள் படங்களில் கண்குழி மற்ற ஊர்களைவிட அதிகமாகக் கறுக்கிறது. ஒரு வெள்ளை வேட்டியை நான்காக மடித்து, உட்கார்ந்திருப்பவரின் காலுக்கு முன்னால், வெயில் படும் இடத்தில் விரித்துப் பாருங்கள். தாடைக்கும் கண்ணுக்கும் வெளிச்சம் ஏறும். தேரி மண்ணில் இதே வேலையைத் தரையே செய்யும், ஆனால் முகம் செம்மண் நிறமாகிவிடும். அங்கேயும் வேட்டி உதவும்.

கேமராவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பெரும்பாலான கேமராக்களின் கையேட்டில் 0 முதல் 40 டிகிரிவரை என்றுதான் போட்டிருப்பார்கள். உங்கள் ஊரில் நிழலிலேயே அந்த அளவு வந்துவிடும் நாள்கள் உண்டு. வெயிலில் வைத்த கறுப்புக் கேமராவின் உடல் அதைவிடச் சூடாகும். ஆனாலும், படம் எடுத்துவிட்டு உடனே பைக்குள் வைக்கிற பழக்கம் இருந்தால் சாதாரணமாக ஒன்றும் ஆகாது. கெடுதல் வருவது மூன்று வழிகளில்: நிறுத்திய காருக்குள்ளோ வண்டிப் பெட்டிக்குள்ளோ கேமராவை விட்டுப் போவது, நீண்ட நேரம் வீடியோ ஓடவிடுவது, கழுத்தில் தொங்கவிட்டபடி மணிக்கணக்கில் வெயிலில் நடப்பது. ஒரு வெள்ளைத் துண்டை மேலே போட்டுக்கொண்டாலே சூடு வெகுவாகக் குறையும். உபரி பேட்டரியைச் சட்டைப் பையில் வைக்காமல் பைக்குள் துணியில் சுற்றி வையுங்கள். சூட்டில் கிடந்த பேட்டரியின் ஆயுள் குறையும். லென்சைச் சூரியனை நோக்கித் திறந்தபடி மேசையில் வைக்காதீர்கள், மூடி போடுங்கள். கேமராவில் கண் வைத்துப் பார்க்கும் துவாரத்தின் வழியாகச் சூரியனைப் பார்க்கவும் வேண்டாம், அது கண்ணுக்குக் கேடு.

சூட்டைவிட நான் அஞ்சுவது புழுதிக்குத்தான். ஆனி, ஆடியில் கயத்தாற்றுக் காற்றாலைகளைச் சுற்றும் அதே காற்று உங்கள் கரிசல் புழுதியையும் தூக்கிக்கொண்டு வரும். வெளியில் லென்சு மாற்றாமல் இருப்பதே நல்லது. மாற்றியே ஆகவேண்டும் என்றால் காற்றுக்கு முதுகைக் காட்டி, கேமராவின் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்து மாற்றுங்கள். உள்ளே தூசி தெரிந்தால் வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். ரப்பர்க் குமிழ் ஊதுகுழல் மலிவாகவே கிடைக்கும்.

உங்களுக்கும் ஒரு வார்த்தை. பன்னிரண்டிலிருந்து மூன்றுவரை வெளியே சுற்றுவதாக இருந்தால் ஒரு வேலையை முடிவுசெய்துகொண்டு போய், அதை முடித்தவுடன் திரும்பிவிடுங்கள். தண்ணீரும் குடையும் இல்லாமல் வெட்டவெளியில் பிரம்மாவுக்காகக் காத்திருக்கவேண்டிய அவசியமில்லை.

வடக்குச்சுவர்

மேஸ்திரி சொன்ன குடை சரியான யோசனை. எனக்குக் குடை வேறொரு வேலையும் செய்கிறது. கல்வெட்டின் மேல் மரக்கிளை நிழல் புள்ளி புள்ளியாக விழுந்தால், குடையால் முழுவதையும் மறைத்துச் சீரான நிழலாக்கி ஒரு படமும், நிழலற்ற இடத்தைச் சாய்வொளியில் இன்னொரு படமும் எடுத்துக்கொள்வேன்.

வெளுத்த வானத்தைப் பற்றி ஆசிரியர் குறிப்பிட்டிருந்தார். அதற்கு முன்பே பதில் எழுதியிருக்கவேண்டும். லென்சின் முன் மாட்டி வானத்தின் வெளுப்பைக் குறைக்கும் போலரைசர் வடிப்பான் வைத்திருப்பவர்கள் அது சூரியனுக்குப் பக்கவாட்டில், அதாவது 90 டிகிரியில்தான் நன்றாக வேலை செய்யும் என்பதை அறிவார்கள். காலையில் அகன்ற லென்சில் எடுத்தால் வானத்தின் ஒரு பகுதி மட்டும் கருநீலமாகித் திட்டாகத் தெரிவது இதனால்தான். சூரியன் உச்சியில் இருக்கும்போது அந்த 90 டிகிரி வளையம் நான்கு திசைகளிலும் தொடுவானத்தை ஒட்டி அமைகிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் தொடுவானத்துக்கு மேலுள்ள வானம் ஒரே சீராக ஆழ்ந்து விழும். ஆனால் புழுதி மூட்டம் இருந்தால் பயன் குறைவு. கோடை மழை ஒன்று பெய்து ஓய்ந்த மறுநாள், காற்று கழுவிவிட்டதுபோல் இருக்கும்போது முயன்று பாருங்கள்.

கரிசல்வாசி

மூவருக்கும் நன்றி. மேஸ்திரி சொன்னபடி வேட்டியை விரித்து, என் தாயாரைத் திண்ணையில் உட்காரவைத்து எடுத்தேன், கண்கள் தெரிகின்றன. வடக்குச்சுவர் ஐயா சொன்ன கழுகுமலைக்கு அடுத்த வாரம் போக எண்ணியிருக்கிறேன்.

இரண்டு கேள்விகள் மிஞ்சுகின்றன. எங்கள் பக்கத்தில் களத்தில் மிளகாய் வற்றல் காயப்போடுகிறார்கள். மேட்டிலிருந்து பார்த்தால் களம் முழுவதும் சிவப்பு. படத்தில் அது ஒரு தட்டையான சிவப்புப் பூச்சாகத்தான் விழுகிறது. தனித்தனி வற்றல் தெரிவதில்லை. திரையில் காட்டும் ஒளி வரைபடத்தை (ஹிஸ்டோகிராம்) பார்த்தால் எல்லாம் சரியாக இருப்பதாகத்தான் தெரிகிறது. இதற்கு என்ன செய்வது? பிள்ளைகளைப் பற்றிய கேள்விக்கும் இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

நீலத்தாள்

ஐயா, கல்லூரி ஒன்றின் வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது, கேமராவே இல்லாமல் வெயிலால் படம் அச்சிடுவது. சயனோடைப் என்ற இந்த முறையை ஜான் ஹெர்ஷல் 1842-இல் கண்டறிந்தார். அடுத்த ஆண்டிலேயே அன்னா அட்கின்ஸ் என்ற பெண்மணி கடற்பாசிகளை இந்த முறையில் அச்சிடத் தொடங்கிவிட்டார். பிற்காலத்தில் கட்டட வரைபடங்களை நீலத்தாளில் படியெடுத்ததும் இதே வேதிவினைதான். வரைவாளராக இருந்த ஐயாவுக்குத் தெரிந்திருக்கும். மேகமூட்டமான குளிர்நாடுகளில் நீண்ட நேரம் காத்திருந்து செய்கிற இந்த அச்சு, நம் ஊர் நண்பகலில் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

தேவையான வேதிப்பொருள்கள் இரண்டு: ஃபெரிக் அம்மோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு. முதலாவதில் 25 கிராமை 100 மில்லி நீரிலும், இரண்டாவதில் 10 கிராமை 100 மில்லி நீரிலும் தனித்தனியே கரைத்து வைத்துக்கொண்டு, தேவைப்படும்போது மட்டும் சம அளவில் கலக்கவேண்டும். வெயில் புகாத அறையில் தடித்த ஓவியத்தாளில் தூரிகையால் மெல்லப் பூசி, இருட்டில் உலரவிடுங்கள். உலர்ந்த மஞ்சள் தாளின் மேல் இலையையோ இறகையோ வைத்து, மேலே ஒரு கண்ணாடியை அழுத்தி மொட்டை மாடி வெயிலில் காட்டினால், மூடாத பகுதி முதலில் நீலமாகவும் பிறகு ஒருவிதச் சாம்பல் பச்சையாகவும் மாறும். அப்போது உள்ளே எடுத்துவந்து நீரில் அலசினால், இலை இருந்த இடம் வெள்ளையாகவும் மற்றவை ஆழ்ந்த நீலமாகவும் தெரியும். நீலம் ஒரு நாள் காற்றுப் பட்ட பிறகுதான் முழுமை அடையும்.

நம் ஊருக்கென்று இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. பறித்தவுடன் இலையை வைத்தால், கண்ணாடிக்கு அடியில் வெயில் சூட்டில் அது நீர் விட்டுத் தாளைக் கறைப்படுத்தும். முந்தைய நாளே பழைய நோட்டுக்குள் வைத்து அழுத்திய வேப்பிலை, புளியிலை, முருங்கை இலை போன்றவற்றைப் பயன்படுத்துங்கள். உப்பும் சுண்ணாம்பும் கலந்த ஆழ்துளைக் கிணற்று நீர் காரத்தன்மை கொண்டிருந்தால் நீலம் வெளிறிப்போகும். குடிநீர்க் கேன் தண்ணீரில் சில துளி எலுமிச்சைச் சாறு விட்டு முதலில் அலசிவிட்டு, பிறகு வெறும் நீரில் அலசுங்கள். கரைசல் தயாரிப்பதைப் பெரியவர்கள் செய்யவேண்டும். கையுறை அணிந்துகொண்டு, சமையல் பாத்திரங்களைப் பயன்படுத்தாமல் செய்யுங்கள். பொட்டாசியம் ஃபெரிசயனைடைக் கடுமையான அமிலங்களுக்கு அருகில் கொண்டுபோகவே கூடாது. இலை அடுக்குவது, நேரம் பார்ப்பது, அலசுவது ஆகியவை பிள்ளைகளின் வேலை. நீங்கள் எடுத்த படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றி, நிறங்களைத் தலைகீழாக்கி, ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளில் ஜெராக்ஸ் கடையில் அச்சிட்டு வாங்கினால், இலைக்குப் பதிலாக அதையே வைத்து அச்சிடலாம்.

கேமரா மேஸ்திரி

மிளகாய்க்கு நான் பதில் சொல்கிறேன், சார். நீங்கள் பார்த்தது மூன்று நிறங்களையும் சேர்த்துக் காட்டும் ஒளி வரைபடமாக இருக்கும். அதில் எல்லாம் சரியாகத் தெரிந்தாலும், சிவப்பு மட்டும் எல்லையைத் தாண்டி வழிந்திருக்கும். வழிந்த இடத்தில் வற்றலுக்கும் வற்றலுக்கும் உள்ள வேறுபாடு அழிந்துவிடும். பட்டுப் புடவையில் எங்களுக்கு நாள்தோறும் வரும் தொல்லை இது. கேமரா அமைப்பில் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று வரைபடங்களையும் தனித்தனியே காட்டும் வசதியைத் தேர்ந்தெடுத்து, சிவப்பு வரைபடம் வலது ஓரத்தில் முட்டாத அளவுக்கு ஒளியைக் குறையுங்கள். ஒரு படி, சில நேரம் ஒன்றரைப் படிகூடக் குறைக்கவேண்டியிருக்கும். படம் திரையில் இருண்டு தெரிந்தாலும் கவலைப்படாமல், கேமரா மெருகேற்றாத மூலக் கோப்பாகிய ரா கோப்பாக எடுத்து, பிறகு கணினியில் மற்ற நிறங்களை உயர்த்திக்கொள்ளுங்கள். நிறத்தைத் தூக்கலாகக் காட்டும் கேமரா அமைப்பு ஏதாவது போட்டிருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள்.

இவ்வளவு செய்தும் தட்டையாகவே தெரிந்தால், குறை நிறத்தில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. உச்சி வெயிலில் வற்றலின் நிழல் அதற்கு அடியிலேயே ஒளிந்துகொள்ளும். மேலிருந்து வடிவமாக எடுப்பதற்கு அது சரி. ஒவ்வொரு வற்றலும் தனித்துத் தெரியவேண்டும் என்றால் நான்கு மணிக்குமேல் வாருங்கள். பெண்கள் வற்றலைக் கூட்டிக் குவிக்கத் தொடங்கும் நேரமும் அதுதான். களத்துக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, செருப்பை வெளியே விட்டுவிட்டுப் போங்கள். மிளகாய் நெடியில் கேமராவைப் பிடித்த கையால் கண்ணைத் துடைக்காதீர்கள். எடுத்த பிறகு, மாற்றம் செய்யாத கோப்பையும் சேர்த்து இங்கே போட்டால் சிவப்பு எங்கே வழிகிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.